ஜவ்வு கிழிஞ்சிடுச்சாம்... அதுக்காக?

"ஜவ்வு கிழிஞ்சு போச்சு."

முழங்கால் வலி என்று யார் ஆரம்பித்தாலும் தமிழில் பேச்சு வந்து நிற்கிற இடம் இதுதான். கபடி ஆடி விழுந்த பத்தொன்பது வயசுப் பையனுக்கும் இதே வாக்கியம். மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்து நிற்கும் ஐம்பத்தெட்டு வயசுப் பெரியம்மாவுக்கும் இதே வாக்கியம். ஸ்கேன் சென்டர் உறையிலிருந்து படத்தை உருவி ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் சித்தப்பாவும் இதையேதான் சொல்வார். அடுத்த வாக்கியமும் எல்லாருக்கும் மனப்பாடம்: "ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிடுமாம்."

முதல் வாக்கியம் அரைகுறை. இரண்டாவது, பெரியம்மா விஷயத்தில் பெரும்பாலும் தப்பு. இப்படிச் சொல்வது ஊர்ப்பட்ட வாட்ஸப் வைத்தியர்கள் அல்ல. எலும்பு அறுவை மருத்துவர்களே ஆபரேஷன் தியேட்டருக்குள் வைத்து சோதித்துப் பார்த்து, உலகின் முன்னணி மருத்துவ இதழ்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது வெளியாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் வீட்டு ஹாலில் நடக்கும் பேச்சு மட்டும் மாறவில்லை. அதனால்தான் இந்தப் புலம்பல்.

முதலில் அந்த வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வு. ஜவ்வு மிட்டாய் என்றால் இழுக்க இழுக்க வரும். படம் ஜவ்வாக இழுக்கிறது என்றால் பாதியில் எழுந்து போய்விடலாம். முழங்காலுக்குள் இருப்பது இந்த ரெண்டும் கிடையாது. அங்கே இந்த ஒரே பெயரில் முற்றிலும் வேறுபட்ட ரெண்டு சாமான்கள் இருக்கின்றன. ஒன்று லிகமெண்ட், அதாவது தசைநார். இன்னொன்று மெனிஸ்கஸ், அதாவது மூட்டுக்குள் இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு. முன்னது கயிறு, பின்னது வாஷர். கயிறு அறுந்தால் செய்ய வேண்டியது வேறு, வாஷர் நைந்தால் செய்ய வேண்டியது வேறு. கணக்கில் கடனையும் மூலதனத்தையும் ஒரே தலைப்பில் எழுதி வைத்தால் ஆடிட்டர் என்ன செய்வாரோ, அதைத்தான் இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது. பிரித்து எழுத வேண்டும்.

கயிற்றுக் கதை

முழங்காலை ஏதோ கதவுக் கீல் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். நீட்டலாம், மடக்கலாம், அவ்வளவுதான் என்று. உண்மையில் தொடை எலும்பின் ரெண்டு உருண்டையான முனைகள், கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும் கால் எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மேஜை மேல் ரெண்டு கிரிக்கெட் பந்தை வைத்த மாதிரி. எலும்பின் வடிவத்தால் மட்டும் அது அங்கே நிற்கவே நிற்காது. நான்கு முக்கியக் கயிறுகள் பிடித்து வைத்திருக்கின்றன. பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு. உள்ளே, எக்ஸ் மாதிரி ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும் சிலுவைத் தசைநார்கள் ரெண்டு.

அந்த ரெண்டில் முன்னே இருப்பதுதான் ஏ.சி.எல். விளையாட்டுச் செய்தி படிப்பவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் வினேஷ் போகட்டை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்களே, அது இந்தக் கயிறு சம்பந்தப்பட்ட காயம். 2022 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பை தொடங்க இருந்த நேரத்தில் ஸ்பெயினின் அலெக்ஸியா புதெயாஸுக்கு அறுந்ததும் இதுவே. 2023 அக்டோபரில் உருகுவேக்கு எதிராக ஆடும்போது நெய்மாருக்கு இதுவும் போய், கூடவே மெனிஸ்கஸும் போனது.

இதன் வேலை, கால் எலும்பு முன்பக்கமாக நழுவாமல் தடுப்பது. 1980-ல் பட்லர், நாய்ஸ், க்ரூட் என்ற மூவர் தானமாகக் கிடைத்த மூட்டுகளை இயந்திரத்தில் பூட்டி அளந்தார்கள். அந்த முன்னோக்கிய நழுவலைத் தடுக்கும் விசையில் சுமார் 86 சதவீதம் இந்த ஒரே கயிறு கொடுப்பது. மற்ற எல்லாம் சேர்ந்து மீதி. 1991-ல் வூ குழுவினர் இதை அறுந்து போகும் வரை இழுத்துப் பார்த்தார்கள். இளம் வயதினரின் ஏ.சி.எல். சராசரியாக 2160 நியூட்டன் வரை தாங்கியது. சுமார் 220 கிலோவைக் கட்டித் தொங்கவிடுவதற்குச் சமம். அறுபது வயதைத் தாண்டியவர்களின் கயிறு 658 நியூட்டனில் அறுந்தது, அதாவது ஏறக்குறைய 67 கிலோ. அந்தக் கயிறும் மனிதனோடு சேர்ந்து மூப்படைகிறது.

220 கிலோ தாங்கும் கயிறு எப்படி அறுகிறது? யாராவது மோதியதால்தான் என்று நினைப்போம். நிறைய காயங்களில் எதிராளி தொடுவதே கிடையாது. எகிறிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது, ஓடிவந்து சடாரென்று திரும்பும்போது, முழங்கால் அதிகம் மடங்காமல் விறைப்பாக இருந்து உள்பக்கமாகச் சரிகிறது. கூடவே கால் எலும்பு முறுக்கிக்கொள்கிறது. வீடியோக்களைச் சட்டம் சட்டமாகப் பிரித்து ஆராய்ந்தவர்கள் சொல்வது, பாதம் தரையைத் தொட்டதிலிருந்து சுமார் 40 மில்லி விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது என்று. கண் சிமிட்டவே அதைவிட அதிக நேரம் ஆகும். மூளைக்குச் செய்தி போய் தசை சுதாரித்துக் காப்பாற்றுவதற்கெல்லாம் அவகாசமே இல்லை.

இதிலிருந்து ஒரு முடிவு நேராகக் கிடைக்கிறது. விழும் நொடியில் காப்பாற்றிக்கொள்ள முடியாது என்றால், எப்படிக் குதித்து எப்படி இறங்குவது என்பதை உடம்புக்கு முன்கூட்டியே பழக்கியிருக்க வேண்டும். வேறு வழியே இல்லை. இதற்குக் காசு கூடத் தேவையில்லை. ஃபிஃபா 11+ என்று ஒரு வார்ம்-அப் இருக்கிறது. பதினைந்து பயிற்சிகள், இருபது நிமிஷம், ஒரு பந்து போதும். நார்வேயில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 1892 கால்பந்துப் பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு, மோசமான காயங்கள் பாதிக்குப் பக்கமாகக் குறைவு. விளையாட்டுப் பெண்களுக்கு ஏ.சி.எல். அறுவது ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது வருஷக்கணக்காகத் தெரிந்த விஷயம். இருந்தும் நம்ம ஊர்க் கிரவுண்டில் வார்ம்-அப் என்றால் என்ன? ரெண்டு ரவுண்டு ஓடு, இடுப்பைச் சுத்து, ஆரம்பிக்கலாம். பி.டி. பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்கிக்கொள்ளும் ஊரில் இதெல்லாம் யார் கேட்பது?

வாஷர் கதை

இப்போது மெனிஸ்கஸ். ஒவ்வொரு முழங்காலிலும் ரெண்டு இருக்கும். உள்பக்கத்தது 'சி' மாதிரி, வெளிப்பக்கத்தது கிட்டத்தட்ட 'ஓ' மாதிரி. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆப்பு வடிவம். வெளி ஓரம் தடிப்பு, உள் ஓரம் மெல்லிசு. உருண்டை எலும்புக்கும் தட்டை எலும்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்பி, சுமையைப் பரவலாக்குவதுதான் இதன் வேலை.

எப்படிப் பரவலாக்குகிறது என்பதில்தான் அழகு இருக்கிறது. மேலிருந்து எடை அழுத்தும்போது ஆப்பு வடிவத் துண்டு வெளியே பிதுங்கப் பார்க்கும். ஆனால் அதன் இழைகள் பெரும்பாலும் வட்டமாகச் சுற்றி ஓடுகின்றன, முன்னும் பின்னும் எலும்பில் வேரூன்றி இருக்கின்றன. அதனால் பிதுங்க முடியாமல் இழைகள் விறைக்கின்றன. மேலிருந்து வரும் அமுக்கம் வட்டமான இழுவிசையாக மாறிவிடுகிறது. மாட்டு வண்டிச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டிருப்பார்களே, மரத்துண்டுகள் சிதறாமல் இறுக்கிப் பிடிப்பதற்கு, அதே தத்துவம். பட்டை முழுசாக இருக்கும் வரை வண்டி ஓடும். ஒரே ஒரு இடத்தில் குறுக்கே வெட்டிவிட்டால் போச்சு.

கிழிசலில் எல்லாம் ஒன்றல்ல என்பதும் இதிலிருந்தே வருகிறது. வட்ட இழைகளின் போக்கிலேயே நீளவாக்கில் கிழிந்தால் பட்டை பெரும்பாலும் தப்பிக்கிறது. குறுக்காக முழுசும் கிழிந்தால் பட்டை அறுந்துவிடுகிறது. பின்பக்க வேர் பிடுங்கிக்கொண்டால், மெனிஸ்கஸ் பார்வைக்கு அப்படியே இருந்தாலும், இயந்திரக் கணக்கில் மொத்தத்தையும் வெட்டி எடுத்ததற்குச் சமம். 2008-ல் வந்த ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. ஆக "கிழிஞ்சிருக்கு" என்பது தகவலே இல்லை. எந்தப் பக்கம், எந்த வாக்கில், எவ்வளவு ஆழம், வேர் இருக்கிறதா என்பதுதான் தகவல்.

சுமையில் எவ்வளவு இதன் வழியாகப் போகிறது? காலை நீட்டி நிற்கும்போது ஏறக்குறைய பாதி. 90 டிகிரி மடக்கும்போது சுமார் 85 சதவீதம். மடங்க மடங்கச் சுமை பின்பக்கத்துக்கு நகர்கிறது. தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடும், குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கும் சமூகத்துக்கு இந்தப் பின்பக்கம் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதை வெட்டி எடுத்தால் என்ன ஆகும்? 1986-ல் பாரட்ஸ் குழுவினர் கணக்குப் போட்டார்கள். உள்பக்க மெனிஸ்கஸை முழுசும் எடுத்தால் எலும்புகள் தொட்டுக்கொள்ளும் பரப்பு 75 சதவீதம் குறைகிறது. ஓரிடத்தில் விழும் உச்ச அழுத்தம் 235 சதவீதம் கூடுகிறது, அதாவது மூன்று மடங்குக்கும் மேல். கொஞ்சம் மட்டும் வெட்டினாலே உச்ச அழுத்தம் 65 சதவீதம் கூடியது. அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்வது எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. அதற்கு ரத்த ஓட்டமும் இல்லை, நரம்பும் இல்லை. தேய்ந்தால் ஆறுவதற்கு வசதி கிடையாது, ஆரம்பத்தில் வலித்து எச்சரிக்கவும் செய்யாது.

மெனிஸ்கஸுக்கே வெளி விளிம்பில் மட்டும்தான் ரத்தம் வருகிறது, பெரியவர்களில் அகலத்தில் 10 முதல் 30 சதவீதம் வரை. அந்த விளிம்பில் கிழிந்தால் தைத்தால் ஒட்டும். உள்ளே தள்ளிக் கிழிந்தால் ஒட்டுவது கஷ்டம். திரும்ப வாங்க முடியாத நிலையான சொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்மானம் உண்டு, மாற்றுப் பாகம் கடையில் கிடையாது.

வேலையில்லாத சதை

இவ்வளவு வேலை பார்க்கும் சாமானுக்கு மருத்துவம் கொடுத்த மரியாதை என்ன தெரியுமா? லண்டனின் பேர்போன அறுவை மருத்துவர் ஜான் பிளாண்ட்-சட்டன் 1897-ல், இது காலில் எப்போதோ இருந்த தசையின் மிச்சம், இதற்கு ஒரு வேலையும் இல்லை என்கிற ரீதியில் எழுதினார். இதில் வேடிக்கை, அதற்குப் பதினாலு வருஷம் முன்பே, 1883-ல், எடின்பரோவில் தாமஸ் அனண்டேல் என்பவர் கிழிந்த மெனிஸ்கஸை வெட்டாமல் தைத்து ஒட்ட வைத்திருந்தார். சரியாகச் செய்தவரை விட்டுவிட்டுத் தப்பாகச் சொன்னவரைப் பின்பற்றினார்கள். பல பத்தாண்டுகள், கிழிந்த மெனிஸ்கஸ் என்றால் முழுசாக அறுத்துக் குப்பையில் போடு என்பதுதான் நடைமுறை.

1948-ல் ஃபேர்பேங்க் என்பவர் அப்படி அறுக்கப்பட்ட மூட்டுகளின் எக்ஸ்ரேக்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். எலும்பின் ஓரத்தில் புது மேடு, மூட்டின் இடைவெளி குறுகல், உருண்டையாக இருந்த முனை தட்டையாதல். மூன்று அடையாளங்கள். வேலையில்லாத சதையை எடுத்தால் எதற்காக மூட்டு மாற வேண்டும்? அந்தக் கேள்வியை உலகம் முழுசாக எடுத்துக்கொள்ள இன்னும் பல வருஷம் ஆனது.

1962-ல் டோக்கியோவில் மசாகி வாதனாபே ஆர்த்ரோஸ்கோப்பி மூலம், சின்ன ஓட்டை போட்டு, கிழிந்த துணுக்கை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினார். பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் சின்ன ஓட்டைக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. எளிதாகச் செய்ய முடிந்தால் அடிக்கடி செய்யத் தோன்றும். காலையில் அட்மிட், சாயங்காலம் டிஸ்சார்ஜ். பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. கிழிசல் படத்தில் தெரிய ஆரம்பித்தது. தெரிகிறது, எடுக்கவும் முடிகிறது, அப்புறம் என்ன?

படம் பொய் சொல்லாது, ஆனால்...

அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் நகரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரை, வலி இருக்கிறதா இல்லையா என்றே பார்க்காமல், எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. 70 வயதைத் தாண்டிய ஆண்களில் பாதிக்கு மேல் மெனிஸ்கஸ் சேதம். இதைவிட முக்கியம், கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் வலியோ இறுக்கமோ கிடையாது. படத்தில் கிழிசல், காலில் ஒன்றுமில்லை. அப்படியானால் வலியோடு வந்தவரின் படத்தில் கிழிசல் தெரிந்தால், வலிக்குக் காரணம் அதுதான் என்று எப்படி முடிவு செய்வது? நரைமுடி உள்ளவருக்குத் தலைவலி வந்தால் நரைதான் காரணம் என்று மொட்டை அடிப்போமா?

அடுத்தது பின்லாந்து. 2013 கடைசியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. ஐந்து மருத்துவமனைகள், 35 முதல் 65 வயதுக்குள் 146 பேர். எல்லாருக்கும் வயதால் வந்த உள்பக்க மெனிஸ்கஸ் கிழிசல், மூட்டுத் தேய்மானம் இல்லை. எல்லாரையும் தியேட்டருக்குள் கொண்டுபோய் கேமராவை உள்ளே விட்டுக் கிழிசலை உறுதி செய்தார்கள். அதன்பின் குலுக்கல் முறை. பாதிப் பேருக்கு நிஜமாக வெட்டினார்கள். மீதிப் பேருக்கு நாடகம். கருவிகளைக் கேட்டு வாங்குவது, பிளேடு கழற்றிய ஷேவரை முட்டிச் சில்லின் மேல் வைத்து ஓட்டுவது, உறிஞ்சும் சத்தம், அதே அளவு நேரம், எல்லாம் உண்டு, வெட்டு மட்டும் இல்லை. ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் ரெண்டு கோஷ்டிக்கும் வலி குறைந்திருந்தது. ஒரே அளவில். வெட்டியதால் கூடுதலாகக் கிடைத்தது எதுவுமில்லை.

"எங்க மாமாவுக்கு ஆபரேஷன் பண்ணி நல்லாயிடுச்சே" என்பவர்களுக்கு இதுதான் பதில். நல்லாகியிருக்கும். நாடக ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் நல்லாகிவிட்டதே! முழங்கால் வலி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் டாக்டரிடம் போகிறோம். அதற்குப்பின் எது செய்தாலும் இறங்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இது ஒற்றை ஆய்வு அல்ல. 2002-லேயே அமெரிக்காவின் ஹூஸ்டனில் தேய்மானம் உள்ள 180 பேரிடம் இதே மாதிரி நாடகம் நடத்தி, மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்வதில் பயனில்லை என்று மோஸ்லி குழு காட்டியிருந்தது. 2016-ல் நார்வேயில் 140 பேர், பன்னிரண்டு வாரப் பயிற்சியா ஆபரேஷனா என்று பிரித்துப் பார்த்தார்கள். ரெண்டு வருஷம் கழித்து வலியிலும் செயல்பாட்டிலும் வித்தியாசமில்லை. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் கூட்டிய நிபுணர் குழு பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது: வயதால் தேய்ந்த முழங்காலுக்கு, அதில் மெனிஸ்கஸ் கிழிசல் இருந்தாலும், ஏறக்குறைய யாருக்குமே ஆர்த்ரோஸ்கோப்பி வேண்டாம்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அமெரிக்காவில் 351 பேரை வைத்து நடந்த 2013 ஆய்வில், பிசியோதெரபிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 30 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் பக்கம் தாவினார்கள். "பாத்தீங்களா, பயிற்சி எல்லாருக்கும் வேலை செய்யலை" என்கிறார்கள். சரிதான். ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் படியுங்கள். மீதி 70 சதவீதம் பேர் அந்த ஆறு மாதத்தைக் கத்தியில்லாமல் கடந்தார்கள். முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு கத்தி என்பது நஷ்டமில்லாத வரிசை. பயிற்சியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். வெட்டிய மெனிஸ்கஸைத் திரும்ப வைக்க முடியாது.

பணம் எங்கே போகிறது, பாருங்கள்

இவ்வளவு தெரிந்தும் ஏன் மாறவில்லை? காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புரியாத புதிர் அல்ல. பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே எழுதினார், மருத்துவச் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்று. கத்திரிக்காய் சொத்தையா என்று அமுக்கிப் பார்க்கலாம். "கிரேடு த்ரீ டேர்" என்ற ரிப்போர்ட்டை எந்த இடத்தில் அமுக்குவது?

இதோடு இன்ஷூரன்ஸும் சேர்கிறது. இங்கே பெரும்பாலான பாலிசிகள், ஒன்று ஆஸ்பத்திரியில் 24 மணி நேரம் படுத்தால் பணம் தரும், அல்லது டே-கேர் பட்டியலில் உள்ள சிகிச்சை என்றால் தரும். வாரம் மூன்று நாள் பஸ் பிடித்துப் போய் மூன்று மாதம் பிசியோதெரபி செய்கிறவருக்கு, படுக்கையில் சேராவிட்டால், பெரும்பாலும் கையிலிருந்துதான் செலவு. ஆக வெட்டினால் இலவசம், பயிற்சி என்றால் சொந்தக் காசு. பெரியம்மா எதைத் தேர்ந்தெடுப்பார்? அவரைக் குறை சொல்ல முடியாது. விலைப்பட்டியலைத் தலைகீழாக எழுதி வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

எல்லா டாக்டரும் பணத்துக்காகச் செய்கிறார்கள் என்று சொல்வது மடத்தனம். முதல் நாளே "ஆபரேஷன் வேண்டாம், தொடைத்தசையைப் பலப்படுத்துங்கள்" என்று சொல்லும் மருத்துவர்கள் நிறைய இருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால், வெளியே வந்ததும் "இந்த டாக்டர் சரியில்லை, ஒண்ணுமே செய்யலை" என்று அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போவது குடும்பத்தினர்தான். ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்ற பழைய வியாதியின் புது அவதாரம்.

அப்போ ஆபரேஷனே வேண்டாமா?

அப்படிப் புரிந்துகொண்டால் இவ்வளவு எழுதியது வீண். இளம் வயதில், அடிபட்டு, ரத்தம் ஓடும் விளிம்பில் கிழிந்த மெனிஸ்கஸைத் தைத்துக் காப்பாற்ற முடியுமென்றால் தைக்க வேண்டும். கிழிந்த துண்டு புரண்டு மூட்டுக்குள் சிக்கி, காலை நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்டால் நாள் கடத்தக் கூடாது. வேர் பிடுங்கியதும் தனி விஷயம். முழுசாகத் தேய்ந்த மூட்டை மாற்றும் அறுவையும் வேறு கணக்கு, அதற்கும் இங்கே பேசியதற்கும் சம்பந்தமில்லை.

ஏ.சி.எல்.லிலும் இதே நிதானம் வேண்டும். ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வில், உடனே புதுக் கயிறு கட்டியவர்களும், முதலில் பயிற்சி செய்து தேவைப்பட்டால் மட்டும் பிறகு கட்டிக்கொண்டவர்களும் ஐந்து வருஷம் கழித்து ஒரே நிலையில்தான் இருந்தார்கள். பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை. ஆனால் 2022-ல் லான்செட்டில் வந்த பிரிட்டன் ஆய்வு, அடிபட்டுக் கொஞ்ச காலம் ஆகியும் முட்டி நழுவிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஆபரேஷன்தான் மேல் என்றது. முரண்பாடு மாதிரித் தெரியும், இல்லை. புதுக் காயத்துக்கு அவகாசம் கொடுக்கலாம், நழுவிக்கொண்டே இருக்கும் முட்டிக்குக் கூடாது.

நம்ம ஊர்ப் பையன்கள் செய்வது இதற்கு நேர் எதிர். கிரவுண்டில் "டொப்" என்று சத்தம், கொஞ்ச நேரத்தில் வீக்கம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவி, கட்டுப் போட்டு, வீக்கம் வடிந்ததும் அடுத்த மேட்ச். ஏ.சி.எல். இல்லாத முட்டியில் முன்னோக்கி நழுவலைத் தடுக்கும் பாரம் உள்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதி மேல் விழுகிறது. அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. ஒவ்வொரு நழுவலிலும் நைந்து ஒருநாள் கிழியும். அறுந்த கயிறு வாஷரையும் கொண்டுபோகும். இருபது வயசில் ரெண்டும் போனால் நாற்பதில் அவன் முழங்கால் அறுபது வயசுக்காரருடையது மாதிரி இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

ஆக, வெட்டக் கூடாத பெரியம்மாவை அவசரமாக வெட்டுகிறோம். அவசரமாகக் காட்ட வேண்டிய பையனை மறுபடி ஆட விடுகிறோம். ரெண்டுக்கும் காரணம் அந்த ஒற்றை வார்த்தைதான்.

அடுத்த முறை யாராவது "ஜவ்வு" என்றால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். டாக்டரிடமும் தயங்காமல் கேளுங்கள், நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

கிழிந்தது லிகமெண்டா, மெனிஸ்கஸா?
அடிபட்டுக் கிழிந்ததா, வயதால் நைந்ததா?
வேர் பத்திரமாக இருக்கிறதா? தைக்க முடியுமா, வெட்டத்தான் வேண்டுமா?
மூட்டு பூட்டிக்கொள்கிறதா, நழுவுகிறதா, வெறும் வலி மட்டுமா?
மூன்று மாதம் முறையாகப் பயிற்சி செய்துவிட்டு வந்தால் என்ன நஷ்டம்?

கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத வரைக்கும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டுவிட்டு, பெரியம்மாவுக்கு நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவரைத் தேடிக் கொடுங்கள். அந்தக் கபடிப் பையனை இந்த வாரமே எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.